முன்வரிசை, இடது ஓரம்

கோச்சாங்,
நவம்பர் 2

கியூமின் அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சாப்பிட்டு, உழைத்து, தூங்கி எழுந்துகொண்டிருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். போன வாரம் ஊர்த்தலைவர் வீட்டுக்கு நீ போன் செய்தபோது பாதி அழுகை, மீதி சந்தை இரைச்சல். ஒன்றும் விளங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

கியூமின் கட்டாய ராணுவச் சேவைக்குப் போகிறான் என்று இங்கே கூப்பிட்டு வயிறு நிறையப் போட்டு அனுப்பினோம். பயிற்சி முகாமில் பெயர்களைப் பிரித்து, இவன் எல்லைக்கு, இவன் போலீசுக்கு என்று தள்ளிவிட்டார்கள் என்கிறாய். அவன் கேட்டா போனான்? சீட்டு விழுந்தது, போனான். வடக்கே பார்த்து நிற்க வேண்டிய பிள்ளை இப்போது கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்த்து நிற்கிறான்.

அறுவடை முடிந்தது. நெல் நன்றாகத்தான் வந்தது. விலைதான் வரவில்லை. வெளிநாட்டு அரிசியை இறக்கப் போகிறார்கள் என்று பத்தொன்பதாம் தேதி சியோலில் விவசாயிகள் சங்கம் கூடுகிறது. நம் ஊரிலிருந்து ஒரு பஸ் போகிறது. உன் அத்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார். சங்கத்தின் மீது பற்று என்று நினைத்துவிடாதே. அவருக்குக் கியூமினைப் பார்க்க வேண்டும். அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாகச் சியோலுக்குப் போகிறவர், அரண்மனை பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை, கேடயம் பிடித்து நிற்கிற பையனைப் பார்க்க வேண்டும் என்கிறார். உன் வீட்டுக்காரர் போன பிறகு அவனைப் பனியில் முதுகில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் இல்லையா, அந்த உரிமை.

"ஆயிரம் போலீஸ் நிக்கட்டும், அதுல ஒருத்தன் நம்ம பையன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவன் எங்கே நிற்பான், எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று கேட்டு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

உன் அக்கா,
மா போங்னிம்

*

இன்சோன்,
நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

யாங்சுக் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைக் கடையிலேயே நின்றபடி படித்தேன். பக்கத்துக் கடை மீன்காரி "யாரு, காதலனா?" என்று கேட்டாள். எங்க ஊர் அக்கா, எனக்குக் கூடப்பிறந்தவளுக்கு மேலே என்று சொன்னேன்.

இங்கே வியாபாரம் பரவாயில்லை. தொட்டுக்கொள்ளும் வகைகளில் தாமரைத்தண்டும் கருவாட்டு வறுவலும்தான் போகின்றன. முழங்கால் வலி குறையவில்லை. குளிர் வந்தால் அது தனியாக ஒரு பாட்டுப் பாடுகிறது.

கியூமின் போன ஞாயிற்றுக்கிழமை பேசினான். பேசினான் என்ன, "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று இரண்டு தடவை சாப்பிட்டதைச் சொன்னான். பின்னால் ஒரு சீனியர் நிற்கிறார் போல. அங்கே சீனியர் சொல்லாமல் தலையைத் திருப்பக்கூடாதாம். எதிரே நிற்கிற கூட்டத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லக்கூடாதாம். சொன்னால் அன்று ராத்திரி படுக்கைகளுக்கு நடுவே நிற்க வைத்து உதைப்பார்களாம். இதை அவன் சொல்லவில்லை, அவன் முகாமில் இருந்து லீவில் வந்த இன்னொரு பையனின் அம்மா சொன்னாள்.

அக்கா, அத்தான் தூரத்தில் இருந்து பார்த்தால் போதும். எல்லாருக்கும் ஒரே ஹெல்மெட், முகத்தில் கம்பி வலை, பெயர் எங்கேயும் இருக்காது. பெற்ற எனக்கே டிவியில் பார்த்தால் தெரியவில்லை. ஆனால் ஒன்று. இவன் உயரம் என்பதால் எப்போதும் முன்வரிசையில் இடது ஓரத்தில்தான் நிறுத்துவார்களாம். ஹெல்மெட்டின் பக்கவாட்டில் மஞ்சளில் மூன்று என்று எழுதிய பிரிவு. அத்தான் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். பையனிடமும் சொல்லிவிட்டேன், பெரியப்பா வருவாரு, பாத்தாலும் பாக்காத மாதிரி நில்லுடா என்று.

கிம்ச்சி ஊறுகாய் போடும்போது என்னை மறந்துவிடாதீர்கள். இன்சோன் முட்டைக்கோசில் தண்ணீர்தான் இருக்கிறது.

உங்கள் தங்கை,
யாங்சுக்

*

சியோல், மருத்துவமனை,
நவம்பர் 27

கியூமின் அம்மாவுக்கு,

உன் அத்தான் எட்டு நாளாகக் கண் திறக்கவில்லை. மண்டையோட்டைத் திறந்து ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். நான் வராந்தாவில் பெஞ்சில் படுத்துக்கொள்கிறேன். வெந்நீர் கிடைக்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நடந்ததைப் பற்றி ஊர்த்தலைவர் வாயால் கேட்டதைத்தான் எழுத முடியும். மதியம் வரை பேச்சு, பாட்டு, திருவிழாச் சந்தை மாதிரி என்று நம்மாட்கள் சொல்வார்களே, அப்படி ஒரு கும்மாளம் என்று நீ நினைக்கலாம். இல்லை, குளிரில் எல்லாரும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்களாம். மூன்று மணிக்கு மேல் முன்னால் இருந்த சில பேர் மூங்கில் கழிகளோடு தள்ளுமுள்ளு செய்தார்கள். அது வலது பக்கம். இவர் இடது பக்கமாகப் போயிருக்கிறார். சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கை ஒரு துணிப்பையில் போட்டு, சூடு போகாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்திருந்தார். அந்தப் பையை வெளியே எடுத்துத் தூக்கிக் காட்டிக்கொண்டே, "கியூமின், பெரியப்பாடா" என்று கூப்பிட்டபடி வரிசைக்கு நேரே நடந்தாராம். ஊர்த்தலைவர் பின்னால் இருந்து கத்தியிருக்கிறார். இவருக்குத்தான் ஒரு காது கேட்காதே.

அப்புறம் வரிசை முன்னால் வந்தது. மறுபடி பின்னால் போனது. இவர் தரையில் கிடந்தார்.

போலீஸ் தரப்பில் எழுதியிருக்கிறார்கள், குடித்திருந்தார், தானே வழுக்கி விழுந்தார் என்று. உனக்குத் தெரியும், உன் அத்தான் கல்யாணத்துச் சாராயத்தையே முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளுக்குக் கொடுக்கிறவர். பின்மண்டையில் கேடயத்தின் விளிம்பு அளவுக்கு நீளமான வெட்டு. தரையில் விழுந்தால் அப்படி வெட்டாது என்று சின்ன டாக்டர் சொன்னார். எழுதிக்கொடுங்கள் என்றேன். பெரிய டாக்டரைக் கேட்க வேண்டும் என்றார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று கியூமின் அங்கே நின்றானா? இவர் கண் திறந்தால் முதலில் அதைத்தான் கேட்பார். நான் என்ன சொல்லட்டும்? அது மட்டும் எழுது.

அக்கா

*

இன்சோன்,
டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தானுக்கு இப்படி ஆகலாமா? எறும்பைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறவருக்கா?

உடனே வந்து பார்க்க வேண்டும் என்றுதான் துடிக்கிறேன். வருஷக் கடைசி, கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. முழங்காலும் சேர்ந்து சதி செய்கிறது. தெரிந்த பையன் ஒருவன் மூலம் எள்ளுக் கஞ்சி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நீங்களாவது குடியுங்கள். பெஞ்சில் படுத்தால் இடுப்பு போய்விடும், இரண்டு போர்வையும் அதோடு அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அன்று கியூமின் அங்கே இல்லை, அக்கா. அவன் பிரிவை வேறு தெருவில் பஸ்ஸுக்குள் உட்கார வைத்திருந்தார்களாம். கடைசி வரை இறங்கவே இல்லையாம். அத்தான் வேறு யாரையோ பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். நான்தான் இடது ஓரம், அது இது என்று எழுதித் தொலைத்தேன். அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அத்தான் எழுந்துவிடுவார். எழுந்து, எங்கள் எல்லாரையும் திட்டுவார். நான் தினமும் காலையில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக் கும்பிடுகிறேன்.

யாங்சுக்

*

கோச்சாங்,
ஜனவரி 15

கியூமின் அம்மாவுக்கு,

ஜனவரி நான்காம் தேதி விடியற்காலையில் உன் அத்தான் போய்விட்டார். ஊருக்குக் கொண்டுவந்து, மலைச்சரிவில் அவர் அப்பாவுக்குக் கீழே வைத்தோம். தரை உறைந்திருந்தது. தோண்ட மிகவும் கஷ்டப்பட்டார்கள்.

நீ அனுப்பிய மலர்வளையம் வந்தது. பெரியது. வாசலில் வைத்தோம். இன்சோனில் இருந்து மருத்துவமனைக்கு ரயிலில் ஒரு மணி நேரம் என்று உன்ஹா சொன்னாள். என் பெண்ணுக்கு எதையும் கணக்குப் பார்க்கிற புத்தி. நான் பார்க்கவில்லை.

துக்கத்தின் இரண்டாம் நாள் மாட்டுக்கறிச் சூப் கொதிக்கும் நேரத்தில் சியோலில் இருந்து ஓர் அதிகாரி வந்தார். கறுப்புக் கோட்டு, நல்ல மரியாதை. படத்துக்கு முன்னால் முறைப்படி இரண்டு தடவை விழுந்து கும்பிட்டார். சூப்பையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். நம் வீட்டுச் சூப்பைக் குறை சொல்ல யாராலும் முடியாது. பிறகு ஒரு வெள்ளை உறையை நீட்டினார். இது அரசாங்கம் கொடுப்பதில்லை, எங்கள் அலுவலகத்தில் உள்ளவர்கள் தனிப்பட்ட முறையில் வருத்தப்பட்டுக் கொடுப்பது என்றார். உறையில் யார் பெயரும் இல்லை.

"யார் அடிச்சாங்க?" என்று கேட்டேன்.

"அதைக் கண்டுபிடிக்க முடியாதும்மா. நூத்துக்கணக்கான பசங்க. ஹெல்மெட்ல பேரு கிடையாது. எந்தப் பையன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"எந்தப் பையன்னு நான் கேக்கவே இல்லையே. அவங்கள அங்க நிக்க வச்சது யாரு?"

அவர் கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். உறையை அவர் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். போகும்போது எடுத்துக்கொண்டுதான் போனார்.

அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடுகிறோம். சங்கத்தில் ஒரு வக்கீல் கொடுத்திருக்கிறார்கள், சின்ன வயது, நகத்தைக் கடிக்கிறார், ஆனால் சொல்வது புரிகிறது. எனக்கு வேண்டியது பணமில்லை என்று அவரிடம் முதலிலேயே சொன்னேன். இவர் குடித்துவிட்டு விழுந்து சாகவில்லை, நாங்கள்தான் கொன்றோம் என்று அரசாங்கம் தன் முத்திரை வைத்து ஒரு வரி எழுத வேண்டும். அதை அவர் கல்லறையில் படித்துக் காட்ட வேண்டும். அதற்குப் போலீசுக்குள் இருந்த ஒருவர் வாய் திறந்து, மேலே இருந்து என்ன உத்தரவு வந்தது என்று சொல்ல வேண்டுமாம். கியூமின் அன்று பஸ்ஸில் இருந்தான், சரி. ஆனால் அங்கே நின்ற பையன்கள் அவனுக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள் அல்லவா? ஒருவனாவது சொல்வானா என்று கேட்டுப் பார். எந்தப் பையனையும் ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு ஆசை இல்லை. அதை அவர்களிடம் உறுதியாகச் சொல்லலாம்.

அக்கா

*

இன்சோன்,
ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

அடக்கத்துக்கு வர முடியாததை நினைத்து நான் தூங்கவே இல்லை. நெஞ்சில் சளி கட்டி, எழுந்து நிற்க முடியாத காய்ச்சல். மலர்வளையம் பார்த்து நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நினைத்துக்கொள்ளுங்கள், திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பையன்கள் விஷயம் வேண்டாம் அக்கா. அவர்கள் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் அதே கூரைக்கடியில் அதே சீனியர்களோடு படுத்து எழுந்தாக வேண்டும். வாய் திறந்தவன் கதி என்ன? அரசாங்கம் என்பது யார்? அதற்கு முகம் உண்டா, பிடித்து உலுக்க? கடைசியில் எவனாவது ஒரு இருபது வயதுப் பையன் கழுத்தில்தான் மாட்டுவார்கள். நீங்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள். அவர்களும் நல்ல மனதோடு கேட்பார்களா?

அத்தான் உயிர் திரும்பி வராது. உன்ஹாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இன்சோனுக்கு வந்துவிடுங்களேன். நாம் இருவரும் கடையைப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கைக் கிம்ச்சிக்கு இங்கே வரிசையில் நிற்பார்கள்.

யாங்சுக்

*

கோச்சாங்,
பிப்ரவரி 24

கியூமின் அம்மாவுக்கு,

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்தது. கோயிலில் துறவி மணியடித்து, அவருடைய ஒரு ஜோடி உடையை எரித்து, அனுப்பிவைத்தோம்.

நீ தேடிக்கொண்டிருப்பாய் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். கியூமின் இங்கே இருக்கிறான். லீவு கிடைத்ததும் வீட்டுக்கு வராமல் நேரே இங்கே பஸ் ஏறியிருக்கிறான். சடங்கு முடிந்து எல்லாரும் போன பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான், எனக்கு யாரென்றே தெரியவில்லை. சாப்பிடு என்றேன். சாப்பிட மாட்டேன் என்று நின்றபடியே சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பெரியம்மா, அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன். வரிசைய மாத்திட்டாங்க. இடது ஓரத்துல ஒரு புதுப் பையன நிறுத்தி, என்னை அவனுக்குப் பின்னாடி ரெண்டாம் வரிசைல போட்டாங்க. பெரியப்பா அவனப் பாத்துத்தான் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. எனக்குக் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு."

அவனே சொன்னான்.

"அந்தப் பையன் நடுங்குனான். பையில கல்லு இருக்குன்னு நெனச்சுட்டான். பின்னாடி இருந்து அதிகாரி, 'இடது பக்கம், அடிச்சுத் தள்ளு'ன்னு கத்துனாரு. எல்லாரும் போனோம். நானும் போனேன். என் கேடயமும் எறங்குச்சு, பெரியம்மா. யாரோடது பட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது."

அப்புறம் உட்கார்ந்தான். சோறு வைத்தேன். சாப்பிட்டான். மூன்று தடவை கேட்டு வாங்கினான். அவன் சாப்பிடும்போது அவனை என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தேன். அடிக்கலாம் என்று தோன்றியது. அப்புறம் மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன்.

வக்கீலிடம் போய், உத்தரவு வந்ததைச் சொல்லப் போகிறான். நான் கேட்கவில்லை. வேண்டாம், யோசித்துச் செய் என்றுகூடச் சொன்னேன். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றான்.

இன்னொன்றும் சொன்னான். அன்று ராத்திரியே முகாமில் இருந்து உனக்கு போன் செய்து எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னானாம். நீ டிசம்பர் நான்காம் தேதி எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது எழுத எனக்குத் தெம்பு இல்லை.

போங்னிம்

*

இன்சோன்,
ஏப்ரல் 6

அக்கா,

திருப்தியா உங்களுக்கு?

கியூமினைக் கைது செய்துவிட்டார்கள். வாய் திறந்த ஒரே பையன் அவன். நீங்கள் நினைத்தது போல அரசாங்கம் தலைகுனியவில்லை. அன்று கத்திய அதிகாரி, வரிசையை நேராக்கு என்றுதான் சொன்னேன், அடிக்கச் சொல்லவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். அந்தப் புதுப் பையனுக்கு எதுவும் நினைவில்லையாம். மற்றவர்களுக்கு எதுவும் காதில் விழவில்லையாம். மிச்சம் இருப்பது, 'என் கேடயமும் இறங்கியது' என்று தானாக வந்து சொன்ன என் மடையன் மட்டும்தான். ஒரு காவலர் உத்தரவை மீறி நடந்துகொண்டார் என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். பஸ் நிறையப் பேரை அனுப்பினார்கள், ஒருவன் பெயரில் முடித்துவிட்டார்கள்.

நான் அப்போதே எழுதினேன். ஒரு பையன் கழுத்தில்தான் மாட்டுவார்கள் என்று எழுதினேனா இல்லையா?

ஆமாம், பொய் சொன்னேன். அவன் பஸ்ஸில் இருந்தான் என்று பொய் சொன்னேன். எனக்கு இருப்பது அவன் ஒருவன். நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? உன்ஹா அந்த வரிசையில் நின்றிருந்தால்?

கியூமினின் வக்கீல் சொல்கிறார், செத்தவர் குடும்பம் இவனைத் தண்டிக்க வேண்டாம் என்று நீதிமன்றத்துக்கு மனு எழுதிக் கொடுத்தால் நீதிபதி அதை மதிப்பாராம். உங்களிடம் கேட்கிற முகம் எனக்கு இல்லை. முகம் இல்லாமலே கேட்கிறேன். காலில் விழுந்து கேட்கிறேன். எழுதிக் கொடுங்கள்.

யாங்சுக்

*

இன்சோன்,
அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இது மூன்றாவது கடிதம். நீங்கள் எதற்கும் பதில் போடவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கியூமின் வீட்டுக்கு வந்துவிட்டான். ஒரு வருஷம் சிறை, ஆனால் அதை நிறுத்திவைத்திருக்கிறோம் என்று தீர்ப்பு. உங்கள் மனுவும், அன்று நீங்கள் பேசியதும் இல்லையென்றால் அவன் இன்னும் உள்ளேதான் இருப்பான். நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி உங்களை எழுப்பி, என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்டார். நீங்கள் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

"ஐயா, இந்தப் பையன் எங்க வீட்டுச் சோத்துல வளந்தவன். இவன அங்க நான் அனுப்பல. இவங்கம்மா அனுப்பல. நீங்க சீட்டுப் போட்டு எடுத்தீங்க, கேடயத்தக் கொடுத்தீங்க, அங்க நிறுத்துனீங்க, அடின்னு சொன்னீங்க. என் வீட்டுக்காரர அடிச்ச கை உங்களோடது. இவன் தோள்ல மாட்டியிருந்துச்சு, அவ்வளவுதான். இவன மட்டும் உள்ள வச்சுட்டு நீங்க வீட்டுக்குப் போனா, எனக்கு நீதி கெடச்சுதுன்னு ஆகாது."

கியூமின் தலை குனிந்தவன் நிமிரவே இல்லை.

வெளியே நடைபாதையில் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைத் தாண்டிப் போனீர்கள். பார்க்கவில்லையோ என்று நினைத்து அக்கா என்று கூப்பிட்டேன். திரும்பாமல் போய்விட்டீர்கள். என் பையனை மன்னித்தீர்கள். அவன் செய்தது எவ்வளவு பெரியது, நான் செய்தது ஒரு பொய். அவனை மன்னிக்க முடிந்த உங்களால் என்னை ஏன் ஒரு தடவை திரும்பிப் பார்க்க முடியவில்லை? காரணத்தையாவது எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
யாங்சுக்

*

கோச்சாங்,
மறு வருஷம், மே 19

யாங்சுக்குக்கு,

அரசாங்கத்தின் மேல் போட்ட வழக்கில் போன வாரம் தீர்ப்பு வந்தது. கேட்டிருப்பாய். கூட்டத்தைக் கையாண்ட முறையில் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். குடித்திருந்தார் என்பதற்கு ஆதாரமில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த இடம் வரை படித்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில், காவலர்களின் வரிசையை நோக்கி அவராகவே நடந்து போனதால் பத்தில் நான்கு பங்கு தவறு அவருடையது என்று இருக்கிறது. ஒரு பையனுக்குக் கிழங்கு கொண்டுபோனதற்கு நான்கு பங்கு. மேல்முறையீடு செய்யச் சொல்லிவிட்டேன். வக்கீல் இன்னும் நகம் கடிக்கிறார், ஆனால் இந்தத் தடவை கோபத்தில் கடிக்கிறார். அந்த நான்கும் போகிற வரை நான் அவர் கல்லறையில் எதையும் படித்துக் காட்டப் போவதில்லை.

நீ காரணம் கேட்டாய். மனுவே பதில் என்று நினைத்திருந்தேன். அது கியூமினுக்கான பதில். உனக்கு எழுத இவ்வளவு நாள் ஆயிற்று.

உன் அத்தான் கடைசி வரை கண் திறக்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் யாரிடமும் சொல்லவில்லை. டிசம்பர் நடுவில் ஒரு நாள் காலையில் திறந்தார். என்னைத் தெரிந்தது. குரல் கரகரவென்று இருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது. நான் நினைத்தது போலவே முதலில், "பையன் எங்க? அவனுக்கு அடிகிடி படலியே?" என்று கேட்டார். உன் கடிதம் என் மடியில் இருந்தது. அதை நம்பி, கியூமின் அன்னிக்கு அங்க இல்லவே இல்ல, வேற தெருவுல பஸ்ல இருந்தானாம் என்று சொன்னேன். அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

கூரையைப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் யாரக் கூப்புட்டேன்?" என்றார்.

யாரையும் இல்லை போல என்றேன். தலையைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுபடி அவர் பேசவில்லை. ஆளில்லாத இடத்தைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அதற்கு அடி வாங்கிய கிழட்டு முட்டாள் என்று தன்னை நினைத்துக்கொண்டே மூன்று வாரம் கிடந்து செத்துப் போனார். அவர் கூப்பிட்டது சரியான இடம்தான், பையன் ஒரு கை தூரத்தில் நின்றான், குரலும் அவன் காதில் விழுந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

உன் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று கேட்டாய். நானும் பொய்தான் எழுதியிருப்பேன். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் எழுதியிருப்பேன். உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். பெரிதாக இல்லை. உன் கையெழுத்தைப் பார்த்தால் உறையைப் பிரிக்கத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். இனிமேல் எழுதாதே.

சனிக்கிழமை நடவு. ஆட்கள் போதவில்லை. கியூமினை அனுப்பு. நீ வராதே.

மா போங்னிம்